‘இதர’ என்ற தலைப்பின்கீழ்: கொல்லிமலைச் சாமையும் ஆங்கிலத் தொகைச்சொற்களும்

இந்திய அரசின் பயிர்ப் புள்ளிவிவரத்தில் நெல்லுக்குத் தனி வரி உண்டு. கோதுமைக்கு உண்டு. சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்கும் உண்டு. அவற்றுக்குக் கீழே ‘ஸ்மால் மில்லட்ஸ்’ என்று ஒரே ஒரு வரி வரும். சாமை, தினை, வரகு, பனிவரகு, குதிரைவாலி எல்லாம் அந்த வரிக்குள் கூட்டப்பட்டு ஒரே எண்ணாக நிற்கும்.

கொல்லிமலையில் ஒரு குடும்பம் சாமையை விட்டுவிட்டு மரவள்ளிக்கு மாறினால், தமிழ்நாட்டு அரசின் பருவ, பயிர் அறிக்கையில் சாமைப் பரப்பு குறைந்ததாகவே பதிவாகும். அந்த அறிக்கை சாமையைப் பெயர் சொல்லித் தனியே கணக்கிடுகிறது. அதே எண் டெல்லிக்குப் போய் ஒற்றை வரிக்குள் கலந்ததும், வேறொரு மாநிலத்தில் குதிரைவாலி கூடியிருந்தால் சாமையின் இழப்பு அதில் ஈடாகிவிடும். மொத்தத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. மலையிலோ ஒரு பயிரும், அதன் விதையும், அதைக் குத்திப் புடைத்துச் சமைக்கும் கைப்பழக்கமும் போயிருக்கும்.

ஒன்றோடொன்று உறவில்லாதவற்றைச் சேர்த்துக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுத நினைத்தபோது எனக்குக் கொல்லிமலைதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆட்சிமொழியின் தொகைச்சொற்கள் ஒரு நிலப்பரப்பின் சாப்பாட்டையும் பிழைப்பையும் எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. பலநிற நூல் கலந்து நெய்த துணியின் பெயர் ‘மாட்லி’. அது அரசவைக் கோமாளியின் உடைக்கும், பிறகு பலதரப்பட்டவர்கள் சேர்ந்த எந்தக் கூட்டத்துக்கும் பெயரானது. ‘அஸார்ட்டட்’ கடைக்காரரின் சொல். தரம் பிரித்து எடுத்து வைப்பவருடையது. ‘ஹாட்ச்பாட்ச்’ அடுக்களையில் பிறந்தது; எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கும் பானை. அதன் மூத்த வடிவமான ‘ஹாட்ச்பாட்’ நீதிமன்றத்துக்குப் போய், பாகப்பிரிவினைக்காகப் பலருடைய சொத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதைக் குறித்தது. நம் நாட்டுக் கூட்டுக்குடும்ப வழக்குகளில், சுயமாகச் சம்பாதித்த சொத்தை ஒருவர் பொதுச்சொத்தோடு கலந்துவிட்டாரா என்ற கேள்வி வரும்போது இன்றும் தீர்ப்புகளில் அந்தச் சொல் தலைகாட்டுகிறது. ‘சன்ட்ரி’ கணக்குப்பதிவியலில் நிலைத்துவிட்டது; நம் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அதைப் ‘பற்பல கடனாளிகள்’ என்று படித்திருக்கிறார்கள். அலுவலகக் கோப்புகளில் ‘மிசலேனியஸ்’. தமிழில் அதை ‘இதர’ என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. கடைக்காரர் ‘பலசரக்கு’ என்று பலகை மாட்டினாலும் எந்த டப்பாவில் வெந்தயம், எந்த டப்பாவில் கடுகு என்று அவருக்குத் தெரியும். பாகப்பிரிவினைப் பானையில் விழுந்த ஒவ்வொரு சொத்துக்கும் சர்வே எண் உண்டு. கலந்தவர் கையில் பட்டியல் இருக்கும்வரை கலப்பால் நட்டமில்லை.

ஆட்சிக்கு வந்த சொற்கள் வேறு வகை. ‘மைனர்’, ‘கோர்ஸ்’, ‘அதர்’, ‘அண்ட் த லைக்’. இவற்றின்கீழ் வரும் பொருள்களுக்குள் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: அவை வேறெதுவோ அல்ல என்பது. ‘கோர்ஸ் சீரியல்ஸ்’ என்றால் அரிசியும் கோதுமையும் அல்லாத தானியங்கள். ‘மைனர் ஃபாரஸ்ட் ப்ரொட்யூஸ்’ என்றால் வெட்டுமரம் அல்லாத காட்டுப்பொருள்கள். எதை முதன்மையாகக் கருதினார்களோ அதை நடுவில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கியபோது பிறந்த பெயர்கள் இவை. கூடவே ஒரு தரவரிசையும் வந்து ஒட்டிக்கொண்டது: சிறிய, முரட்டு, மற்ற.

நம் மொழியிலும் கலப்புத் தொகுதிகள் ஏராளம். நவதானியம், பஞ்சலோகம், திரிகடுகம், திரிபலா. இவை எண்ணித் தொகுத்தவை. நவதானியத்தில் நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு ஆகியவை இருக்கின்றன. புல்லினத் தானியம், பயறு, எண்ணெய்வித்து என்று குடும்பமே வேறான ஒன்பது; ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோள், ஒரு நிறம், ஓர் இடம். ஒன்றை எடுத்துவிட்டால் எட்டுதான் இருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் உடனே சொல்லிவிடுவார்கள். கூலம் என்ற பழஞ்சொல்லுக்கு உரை சொன்னவர்கள் எட்டு என்றும் பதினெட்டு என்றும் கணக்கில் வேறுபட்டாலும், பெயர்ப்பட்டியல் தராமல் போகவில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் முல்லைநிலத்தின் உணவாக வரகு, தினை, கொள்ளு, அவரை என்று நான்கை எண்ணி நிறுத்துகிறார். இரண்டு புல், இரண்டு கொடி, உறவில்லாதவைதான். எண்ணிச் சொன்னதால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று நமக்குத் தெரிகிறது. ‘முல்லைநிலத்துச் சிறுதானியங்கள்’ என்று அவர் பொதுப்பட எழுதியிருந்தால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் எல்லாரும் எப்போதும் இப்படிக் கலந்துகட்டவில்லை. 1800-01இல் சென்னையிலிருந்து மைசூர், கொங்கு வழியே பயணம் செய்து 1807இல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்ட ஃபிரான்சிஸ் புக்கானன், ராகியையும் சாமையையும் அதனதன் ஊர்ப்பெயரோடும் தாவரப்பெயரோடும் தனித்தனியே குறித்தார். எந்த மண்ணில், எந்த மாதத்தில், எவ்வளவு விதை என்று உழவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். நிலத்தில் நின்று பார்த்தவருக்குத் தொகைச்சொல் தேவைப்படவில்லை. தொலைவில் உட்கார்ந்து மாகாணங்களைக் கூட்டிக் கணக்கெழுதியவர்களுக்குத்தான் அது தேவைப்பட்டது.

இனி மலைக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். வல்வில் ஓரியின் நாடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊராட்சிகளின் பெயரிலேயே ‘நாடு’ இன்றும் வாழ்கிறது. இங்கே வாழும் பழங்குடியினர் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு; இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள், காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் உழவர்கள். பள்ளத்தில் நெல்லும் மேட்டுச் சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, வரகும் இவர்களுடைய பழைய பயிர்முறை.

அந்த ஐந்தும் எவ்வளவு உறவுடையவை என்று பார்த்தால் தொகைச்சொல்லின் பலவீனம் வெளியே வரும். சாமையும் பனிவரகும் ஒரே பேரினம். அவை இரண்டையும் உடன்பிறப்புகள் எனலாம். ஆனாலும் சாமை இந்திய மண்ணில் பயிராக்கப்பட்டது. பனிவரகு வடசீனத்திலிருந்து பரவியது. தினையும் சீனத்தில் பயிரானதுதான். சாமையைவிடக் கம்பே அதற்கு நெருங்கிய உறவு. வரகு இந்தியாவில் பயிரானது, இன்னும் சற்றுத் தள்ளிய கிளை. கேழ்வரகோ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்தது. அது புல்குடும்பத்தின் வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லும் எத்தியோப்பியர்களின் தெஃப் தானியமும் அதற்குச் சொந்தம். சாமை அதற்கு வெகு தூரத்து உறவுதான். பெயரில் வரகு இருப்பதால் வரகோடு சேர்ந்துவிடாது. பெரிய தானியமான சோளத்தையும் அழைத்து வந்தால் கலப்பு இன்னும் கூடும். சோளத்துக்கு நெருங்கியது கரும்பு.

‘மில்லட்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஐரோப்பாவில் விளைந்த பனிவரகையே குறித்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சிறுமணித் தானியம் எதைக் கண்டாலும் அதே பெயரை முன்னொட்டு மாற்றி மாற்றி ஒட்டினார்கள்: ஃபிங்கர், லிட்டில், ஃபாக்ஸ்டெயில், கோடோ, பார்ன்யார்ட். உலகச் சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டில் இதைவிட வியப்பான ஒரு குடியிருப்பு உண்டு. 1008 என்ற தலைப்பின்கீழ் பக்வீட், மில்லட், கேனரி விதை, பிற தானியங்கள் என்று நான்கும் ஒன்றாக இருக்கின்றன. கேனரி விதை பெரும்பாலும் கூண்டுப் பறவைகளுக்கு வாங்குவது. கொல்லிமலைக் குடும்பத்தின் ஒருவேளைச் சோறு கப்பலேறினால் அதன் ஆவணத்தில் அண்டை வீட்டார் பறவைத் தீனிதான்.

வகைப்பாட்டில் எங்கே வைத்தால் என்ன, சாப்பிடுகிறவருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் உமியில் இருக்கிறது.

கேழ்வரகு மணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காகிதம் போன்ற மெல்லிய தோல் தூளாகி உதிரும். உள்ளே செம்பழுப்பு உருண்டை. அதற்கு நெல்லைப் போல இறுகப் பற்றிய உமி கிடையாது. கதிரை அடித்து, தூற்றி, நேரே திரிகையிலோ மாவு மில்லிலோ போடலாம். சாமை மணியை அப்படித் தேய்த்தால் விரல்தான் வழுக்கும். வழவழப்பான, கெட்டியான உமி மணியை முழுக்க மூடியிருக்கும். தினையும் பனிவரகும் அப்படியே. வரகின் உமி இன்னும் அடுக்கடுக்கானது, மணியோடு ஒட்டியது. இவற்றை அரிசியாக்க உலர்த்தி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, நொய் பிரித்து, மறுபடியும் குத்தவேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில்தான் விழுந்தது. விடியலுக்கு முன் எழுந்து மார்வலிக்க உலக்கை போட்டால் அன்றைய சோற்றுக்கு அரிசி தேறும்.

சிறுதானியம் ஏன் வழக்கொழிந்தது என்று பொதுவாகக் கேட்டால், மக்கள் அரிசிச் சோற்றைப் பெருமையாக நினைத்தார்கள், ரசனை மாறிவிட்டது என்று பொதுவாகவே பதில் வரும். தனித்தனியே கேட்டால் பதில் கூர்மையாகிறது. கேழ்வரகு வழக்கொழியவே இல்லை. சென்னையின் தெருவோரக் கூழ்ப்பானையிலும், குழந்தைக்கு ஊட்டும் கஞ்சியிலும், கர்நாடகத்துக் களியுருண்டையிலும் அது இருந்துகொண்டே இருந்தது. உமி நீக்கும் வேலை இல்லாத தானியம் மாவு மில் வழியே நகரத்துக்குப் பிழைத்து வந்தது. சாமையும் வரகும் பின்தங்கிப் போனதற்குக் காரணம் அவற்றைக் குத்த ஆளும் இயந்திரமும் இல்லாமல் போனதே. நெல்லுக்கு அரவை ஆலை வந்து தலைமுறைகள் ஆன பிறகும் சாமைக்கு ஏற்ற சிறு இயந்திரம் மலைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுவைத்தவர்களுக்கு, கேழ்வரகு அரைபடும்போது சாமையும் அரைபடும் என்று தோன்றியிருக்கலாம்.

1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கியபோது இந்த முடிச்சைச் சரியாகவே பிடித்தது. விதை வங்கிகள் வைத்ததோடு நிற்காமல், மகளிர் குழுக்களின் பொறுப்பில் உமி நீக்கும் இயந்திரங்களையும் அரவை இயந்திரங்களையும் ஊர்களிலேயே நிறுவ உதவியது. விதையைக் காக்க உலக்கையை முதலில் இறக்கிவைக்க வேண்டும் என்பதை உணர்ந்த வேலை அது.

அதற்குள் பெரும்பகுதி நிலம் கைமாறியிருந்தது. உரிமையாளர் மாறவில்லை, பயிர் மாறியது. கீழே சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு உருவானது. மலைப்பாதை வந்தது, லாரி ஏறியது. குச்சியை நட்டால் பத்து மாதத்தில் கிழங்கு, குத்தவேண்டாம், புடைக்கவேண்டாம், தோண்டி எடை போட்டால் பணம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி சாமைச் சரிவுகளை எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மிளகும் அதன் நிழலில் காபியும். சோளக்காடு சந்தையில் இன்று கண்ணில் படுவது பலாவும் அன்னாசியும் மிளகும் மலைவாழையும். சோளம் ஊரின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இவற்றுக்காக நான் உழவரைக் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையைப் படிக்கவைக்கப் பணம் வேண்டும். சாமை அந்தப் பணத்தைத் தரவில்லை.

ஏன் தரவில்லை என்பதில் மறுபடியும் தொகைச்சொல் குறுக்கே வருகிறது. ஒன்றிய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றும் உண்டு. சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் தமக்கென்று ஒரு விலை அதில் இல்லை. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசிக்குக் கிலோ 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய், ‘கோர்ஸ் க்ரெயின்ஸ்’ எனப்பட்டவற்றுக்கு 1 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஏழைக்குச் சலுகைதான் நோக்கம். ஆனால் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வரிசை சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டுவிட்டது. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. மலைக்கும் அது வந்தது, பசியை ஆற்றியது, அதில் ஐயமில்லை. கூடவே உரலையும் ஓரங்கட்டியது. 2023இல் தமிழ்நாடு அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நல்ல தொடக்கம். அங்கேயும் சிறுதானியம் என்ற பெயரில் வந்தது உமியில்லாத கேழ்வரகே.

காட்டுக்குள்ளும் இதே கதை. வெள்ளைக்காரர் ஆட்சியில் காடு என்றால் மரம்; கப்பலுக்கும் ரயில்பாதைக்கும் தேக்கும் ஈட்டியும். மிச்சமெல்லாம் சிறு மகசூல். 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம் மரம் என்ற சொல்லுக்குள் மூங்கிலையும் சேர்த்தது. மூங்கில் ஒரு புல். சாமையின் தூரத்துச் சொந்தம். மரம் என்று சட்டம் சொன்னதால் தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துப் போகவும் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளில் சேர்த்துப் பழங்குடியினருக்கு அதில் உரிமை தந்தது. 1927 சட்டத்தின் மரப் பட்டியலிலிருந்து மூங்கில் நீங்க 2017 ஆனது. அப்போதும் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கே அந்த விடுதலை. ஒரு தாவரத்தைத் தவறான தலைப்பில் எழுதிவிட்டால் அதைத் திருத்த 90 ஆண்டுகள் பிடிக்கின்றன.

வன உரிமைச் சட்டத்தின் சிறு வனப்பொருள் வரையறை பழங்குடியினருக்கு ஆதரவானது, அதை மதிக்கிறேன். அதன் பட்டியலைப் படிக்கும்போது தொகைச்சொல்லின் இயல்பு பளிச்சென்று தெரிகிறது. தாவரத்திலிருந்து கிடைக்கும், வெட்டுமரம் அல்லாத பொருள்கள் என்று தொடங்கி மூங்கில், பிரம்பு, அடிக்கட்டை, பட்டுக்கூடு, தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை, வேர், கிழங்கு, இன்ன பிற என்று முடிகிறது. தேனையும் மெழுகையும் அரக்கையும் பட்டுக்கூட்டையும் செய்வது பூச்சி. அவையும் தாவரப்பொருளாகிவிட்டன. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்குப் போகும் வழியில் குவித்து விற்கிறார்களே முடவாட்டுக்கால் கிழங்கு, அது இந்தப் பட்டியலில் எங்கே சேரும்? ஆட்டுக்கால் போலப் பழுப்பு ரோமம் மூடிய அந்தத் துண்டு கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சூப் வைத்தால் மூட்டுவலிக்கு நல்லது என்று சுற்றுலா வருபவர்கள் வாங்கிக் குடிக்கிறார்கள். பாறையிலிருந்து தண்டைப் பெயர்த்தெடுத்தால் செடியே போய்விடும். நெல்லிக்காயைப் பறித்தால் மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்து, எடுத்துக்கொள்ளலாம் என்றோ எடுக்கக்கூடாது என்றோ ஒரே விதி எழுதினால் ஏதோ ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு இந்தத் தானியங்களை ‘நியூட்ரி சீரியல்ஸ்’ என்று அறிவித்தது. ‘முரட்டு’ போய் ‘ஊட்டம்’ வந்தது. ஐ.நா. பொதுச்சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஒன்றிய பட்ஜெட்டில் ‘ஸ்ரீ அன்னா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. இகழ்ச்சி புகழ்ச்சியாக மாறியதில் எனக்கு மகிழ்ச்சியே. பட்டியலோ முன்னைவிடக் கலந்துபோனது. 2018 அறிவிப்பில் பக்வீட்டும் கீரைவிதையும் சேர்ந்துகொண்டன. அவை புல்லினமே அல்ல. ஒன்று தண்டுக்கீரையின் குடும்பம்.

புகழ்ச்சிக்குள்ளும் அதே ஆபத்து இருக்கிறது. சிறுதானியத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று விளம்பரம் சொல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. சாமையிலும் வரகிலும் 20 மில்லிகிராமை ஒட்டியே இருக்கிறது. அரிசியைவிடச் சற்றுத்தான் கூட. எலும்புத் தேய்மானத்துக்கு என்று நம்பிச் சாமைச் சோறு சாப்பிடும் மூதாட்டிக்கு அந்த விளம்பரம் செய்வது துரோகம். சாமைக்கு வேறு நற்குணங்கள் உண்டு: நார்ச்சத்து, வறண்ட மேட்டிலும் விளையும் உரம். அவற்றைச் சொன்னால் போதும். அதேபோல் கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். கேழ்வரகு மாவு மாதக்கணக்கில் தாங்கும். ஒரே அலமாரியில் ஒரே காலாவதிக் கணக்கோடு அடுக்குகிற கடை வாடிக்கையாளரை இழக்கும். பழி முழுச் ‘சிறுதானியத்தின்’ மேல் விழும்.

இன்னும் கடுமையான சான்று ஒன்று. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வரகுப் பயிரை மேய்ந்த காட்டுயானைகளில் 10 இறந்துபோயின. வரகுக் கதிரில் ஈரக்காலத்தில் பற்றும் பூஞ்சையினால் உண்டாகும் சைக்ளோபியாசோனிக் அமிலம் யானைகளின் உடலில் கண்டறியப்பட்டது. வரகு விளைவித்த பழைய உழவர்கள் புதுவரகை, அதுவும் மழையில் நனைந்ததை, எச்சரிக்கையாகவே கையாண்டார்கள். மயக்கம் தரும் வரகைப் பற்றிய அறிவு நாட்டுப்புறங்களில் இருந்தது. அது வரகுக்கு உரிய அறிவு. சாமைக்கோ தினைக்கோ அதைச் சொன்னால் பொருந்தாது. வரகைச் சிறுதானியமாக மட்டுமே அறிந்த புதிய தலைமுறைக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை.

கொல்லிமலைக்காரர்களின் கணக்கு தொகைச்சொல்லுக்கு நேர்எதிர்த் திசையில் போகிறது. சாமை என்பதே அவர்களுக்குப் பெரிய தொகுதி. அதற்குள் பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, திருகுலச் சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பிரிக்கிறார்கள். தினையில் செந்தினை, பெருந்தினை, கோரந்தினை, மூக்கந்தினை. கேழ்வரகில் சுண்டாங்கி, கருமுழியன், சாட்டை, அரிசிக் கேழ்வரகு. கதிரின் அமைப்பு, மணியின் நிறம், அறுவடைக் காலம், எந்த மண்ணுக்கு எது தாங்கும், எது கூழுக்கு, எது சோற்றுக்கு என்ற பட்டறிவு அந்தப் பெயர்களில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. மழை பிந்தினால் எதை விதைப்பது என்ற முடிவை எடுக்க இந்தப் பெயர்கள் வேண்டும். ‘சிறுதானியம் விதையுங்கள்’ என்ற அறிவுரையை வைத்து ஒரு கைப்பிடி விதையைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. கொல்லிமலை வேளாண் பல்லுயிர்ப் பாதுகாவலர் கூட்டமைப்பில் சேர்ந்திருக்கும் உழவர்கள் காத்துவருவது இந்த நுண்பெயர்களையும்தான். திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் சாமை, தினை, பனிவரகு என்று தனித்தனியாகப் புது ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வேலை என்று இறங்கினால் ஆராய்ச்சியாளரும் தனிப்பெயருக்குத்தான் வந்தாக வேண்டியிருக்கிறது.

தொகைச்சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐ.நா. ஓர் ஆண்டை அறிவிக்கவும், ஒரு துறைக்குப் பலகை மாட்டவும் அது தேவை. பலகைக்குப் பின்னால் பட்டியல் இருக்கவேண்டும் என்பதே என் வாதம். ஒன்றிய அரசின் புள்ளிவிவரத்தில் சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் தனித்தனி வரி கொடுப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. மாநில அறிக்கைகளில் எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விலையும் அவ்வாறே தனித்தனியே அறிவிக்கப்படவேண்டும். இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கும்போது எந்தத் தானியத்தின் உமிக்கு என்று கேட்டுக் கொடுக்கவேண்டும். வன உரிமைக் குழுக்கள் தங்கள் காட்டுப்பொருள்களின் பட்டியலை, முடவாட்டுக்கால் உட்பட, அறுவடை முறையோடு தாங்களே எழுதிவைக்கவேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாக்கெட்டின் மேல் ‘மல்ட்டி மில்லட்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். சாமையா, எந்த ஊர்ச் சாமை, எந்த ரகம் என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் சொல்லி வாங்க ஆள் இருந்தால், பெயர் சொல்லி விதைக்க மலையில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.